பவானியின் தலைமாட்டில் டிரவுட்: பிடித்துத் திரும்ப விடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, சத்தி, மேட்டுப்பாளையம் பக்கம் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு மீன் என்றால் கெளுத்தி, ஜிலேபி, கட்லா, விரால். கிடைத்தால் குழம்பு, அதிகம் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு. இப்போது நம் பிள்ளைகள் ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு நீலகிரிக்குப் போய் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். "பிடிச்சுட்டுத் திரும்ப விட்டுடுவோம், அதனால தப்பில்லை" என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த "அதனால" சரியில்லை. அதனால்தான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். முப்பது வருடமாக பவானிக் கரையில் தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டிரவுட் நம் பக்கத்து மீனா? எங்கே இருக்கிறது?

நம் மீன் இல்லை, வந்த மீன். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் வளர்க்க 1860-களிலேயே மீனியலாளர் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. பிறகு மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார். பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. உடம்பின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் ரெயின்போ டிரவுட்தான் பிழைத்து நின்றது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, முக்குருத்தி, பார்சன்ஸ் வேலி என்று பழைய தூண்டில்காரர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் மேட்டுநிலத்து அணைகளும் அவற்றில் வந்து விழும் ஓடைகளும்தான்.

அப்பர் பவானி என்ற பெயரைக் கவனியுங்கள். அங்கே டிரவுட் நீந்தும் தண்ணீர்தான் கேரளத்து அட்டப்பாடி வழியாகச் சுற்றித் திரும்பி, பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர் தாண்டி, கொடிவேரியில் நாம் மீன் வறுவல் தின்றுகொண்டே வேடிக்கை பார்க்கும் தண்ணீராகிறது. கூடுதுறையில் காவிரியோடு கலப்பதும் அதுவே. மேலே என்ன செய்கிறோம் என்பது நமக்கும் உரிய விஷயம்.

பிடிச்ச மீனைத் திரும்ப விட்டுட்டா லைசென்ஸ் வேண்டாம்தானே?

வேண்டும். எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது: மீனைக் கொண்டுபோனால் எடுத்த மாதிரி, விட்டுவிட்டால் எடுக்காத மாதிரி. சட்டம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. உயிருடன் பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அதில் அடங்கும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரினத்துக்கு அது எங்கும் பொருந்தும். அதோடு, தேசியப் பூங்கா, சரணாலயம் என்று அறிவித்த இடங்களுக்குள் எந்தக் காட்டுயிரையும் அழிப்பதும் எடுப்பதும் தடை, உள்ளே நுழையவே அனுமதி தேவை. அங்கே கையில் ராடோடு நின்றால், "விட்டுடுவேனுங்க சார்" என்பது விளக்கமாக இருக்கலாம், அனுமதி ஆகாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. பூங்காவுக்குள் வேட்டை என்று வழக்கானால் தண்டனை அதைவிடக் கூடும்.

காட்டுக்கு வெளியே உள்ள நீரிலும் இதே கதைதான், வேறு வழியில். அங்கே மீன்பிடி உரிமை யாரோ ஒருவருக்கு இருக்கும். அரசுக் கழகம், குத்தகைதாரர், கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி என்று ஆள் மாறலாம். அவர்கள் தண்ணீரில் அவர்களைக் கேட்காமல் தூண்டில் போட உங்களுக்கு இடமில்லை, மீனை என்ன செய்தாலும் சரி.

பிடித்து விடுவது ஒரு நிபந்தனை. அனுமதி கிடைத்த பிறகு அதற்குள் வருவது. அனுமதிக்குப் பதிலாக வருவது இல்லை. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டுதான் பலரும் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, மலையில் யாரிடம் கேட்பது?

மேட்டுநிலத்து அணைகள் பெரும்பாலும் மின்வாரியத்துடையவை. சுற்றியுள்ள நிலம் வனத்துறையுடையது. மீன் வளர்ப்பும் மீன்பிடி லைசென்ஸும் மீன்வளத்துறை சார்ந்தவை. ஒரே தண்ணீரில் மூன்று கை இருக்கிறது. மீன்துறைத் தாள் இருந்தாலும் வனத்துறை கேட் திறக்காது என்றால் அந்த நாள் அவ்வளவுதான்.

என் அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு நண்பர்கள் நால்வர் ஒரு ஓடைக்கு முறையாகச் சீட்டு வாங்கிப் போனோம். அங்கே தண்ணீர் கலங்கலாக இருந்தது. அடுத்த ஓடை அரை மணி நடைதானே என்று கிளம்பினோம். வழியில் வந்த காவலர் சீட்டை வாங்கிப் படித்தார். "ஏனுங்க, இதுல அந்த ஓடை பேரு மட்டும்தானே இருக்குது?" என்றார். கோபப்படவில்லை, திருப்பி அனுப்பினார். தவறு எங்களுடையதுதான். சீட்டில் எந்த நீரின் பெயர் எழுதியிருக்கிறதோ அது மட்டுமே உங்கள் நீர்.

உதகையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், அடுத்து அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில். வாய்வார்த்தை போதாது, தாளில் வாங்குங்கள். தாள் கையில் இல்லாத எந்த நீரையும் மூடிய நீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் திறந்திருந்தது என்று இந்த வருடம் போய் நிற்காதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் போகும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை, அதையும் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் புதிதாக வந்த கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். நீலகிரியின் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புக்கு 1879-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஓடையிலும் ஏரியிலும் மீன் பிடிப்பதற்கு விதி வகுக்கும் அதிகாரம் அதிலேயே இருக்கிறது.

அனுமதிச் சீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

நீரின் பெயர், தேதி, எத்தனை ராடு, எந்த வகை இரை, எத்தனை மீன், எந்த அளவுக்குக் கீழே உள்ளதை விட வேண்டும், எல்லாவற்றையும் விட வேண்டுமா. செயற்கை இரை மட்டும் என்று இருந்தால் மண்புழு டப்பாவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையில் இருந்தாலே சந்தேகம் வரும். அளவு குறித்திருந்தால் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையா, வால் கவட்டை வரையா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். புரியாத வரியைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முக்குருத்தியில் டிரவுட் நிறைய என்கிறார்களே?

அது 1990 முதல் தேசியப் பூங்கா. வரையாட்டுக்காகக் காக்கப்படும் இடம். தூண்டிலை மறந்துவிடுங்கள்.

மோயாற்றில் மஹ்சீர் பிடித்து விடலாமா? முன்பெல்லாம் பிடித்தார்களே?

பிடித்தார்கள், உண்மைதான். மஹ்சீர் என்பது பெரிய செதில் கொண்ட கெண்டை இனம், நம் ஆறுகளின் உண்மையான ராஜா. 1946-ல் கபினியில் 120 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்டது. கிட்டத்தட்ட 54 கிலோ. முதுகு திமிலாகத் தூக்கி நிற்கும் அந்த வகை காவிரிப் படுகையில் தவிர உலகில் வேறு எங்கும் இல்லை. 2018-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானது. அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அதே ஆண்டில் பன்னாட்டு சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. அந்தப் பெயரில் முதலில் விவரிக்கப்பட்ட மீன்கள் எங்கே கிடைத்தவை தெரியுமா? பாம்பாற்றில். மறையூர்ப் பக்கமிருந்து வந்து உடுமலை அமராவதியில் சேரும் அதே பாம்பாறு.

மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் என்று இரண்டு புலிகள் காப்பகங்களுக்கு நடுவே ஓடி பவானிசாகரில் விழுகிறது. அங்கே தூண்டில் கூடாது, பிடித்து விடுவதும் கூடாது. காவிரியில் கர்நாடகப் பக்கம் சரணாலயத்துக்குள் நடந்த பிடித்துவிடும் முகாம்களே 2010-களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. நம் பக்கம் காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும், அந்தியூர் பர்கூர் மலைக் காடுகளில் தந்தை பெரியார் சரணாலயம் அதற்குப் பிறகும் வந்துவிட்டன. பத்து வருடம் முன்பு மாமாவோடு போன இடம் இன்று சரணாலய எல்லைக்குள் இருக்கலாம். எல்லையை வனத்துறையிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மோயாற்றில் முதலை இருக்கிறது, பவானிசாகர் நீர்ப்பரப்போரம் சாயங்காலம் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வரும். மீனைப் பார்த்துக்கொண்டே நிற்பவனுக்கு முதுகுப் பக்கம் கண் இல்லை.

திரும்ப விட்ட மீன் உண்மையில் பிழைக்குமா?

விடுகிற கையைப் பொறுத்தது. எனக்கு இது பாடமானது சத்திக்கு மேலே ஓரிடத்தில். ஒரு நல்ல கெண்டை, பத்து நிமிடம் இழுத்து விளையாடிக் கரை சேர்த்தேன். மணலில் போட்டேன். நண்பன் கேமரா எடுக்க வண்டிக்குப் போய் வந்தான். துண்டால் பிடித்துத் தூக்கி நாலு படம் எடுத்தோம். பிறகு பெரிய மனதோடு தண்ணீரில் வீசினேன். மீன் போய்விட்டது என்று சந்தோஷமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஐம்பது அடி தள்ளி வெள்ளை வயிறு மேலே தெரிய அது மிதந்து போனது. நான் அதைத் தின்னவும் இல்லை, வாழவிடவும் இல்லை. அன்றைக்கு நான் செய்த ஒவ்வொன்றும் தவறு.

மீனின் உடம்பு மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதன் தோலுக்குக் காவல். காய்ந்த கை, துண்டு, மணல், பாறை எல்லாம் அதை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். ஆகவே தொடும் முன்பு கையை நனையுங்கள். முடிந்தால் தொடாமலே, மீன் தண்ணீரில் இருக்கும்போதே குறடால் தூண்டில் முள்ளைப் பிடித்துத் திருப்பிக் கழற்றிவிடுங்கள். வயிற்றை அமுக்கக் கூடாது, செவுளுக்குள் விரல் விடவே கூடாது. கைவலை வேண்டுமென்றால் முடிச்சில்லாத ரப்பர் வலை.

தண்ணீருக்கு வெளியே மீன் மூச்சு முட்டி நிற்கிறது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு என்றால் ஓட்டப்பந்தயம் முடித்தவன் வாயைப் பொத்தின மாதிரி. பத்து வினாடிக்குள் முடியுங்கள். படம் வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகே மீனைத் தூக்குங்கள், அதுவும் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். நான் இப்போது தண்ணீரில் இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்கிறேன். நிறம் அதில்தான் நன்றாக வருகிறது.

விடும்போது வீசாதீர்கள். ஓட்டத்தை எதிர்த்துத் தலை இருக்கும்படி இரண்டு கையாலும் தாங்கிப் பிடியுங்கள். வாய் வழியாக நீர் போய்ச் செவுள் வழியாக வரும். வால் தானாக அடித்து உங்கள் கையை உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருங்கள். சில சமயம் இரண்டு நிமிடம் கூட ஆகும். குளிர்ந்த நீரில் முழங்கால் விறைத்துப்போகும், இருந்தாலும் நில்லுங்கள்.

முள் தொண்டைக்குள் போய்விட்டால்?

பிடுங்காதீர்கள். வாயருகே தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். குடைந்து எடுப்பதைவிட அதில் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

அந்த நிலைமையே வராமல் இருக்க வழி, இரையை மாற்றுவது. மண்புழுவை மீன் விழுங்கும், செயற்கைப் பூச்சியையும், சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னரையும் பெரும்பாலும் உதட்டில்தான் கவ்வும். டிரவுட் நீர்களில் பல இடங்களில் செயற்கை இரை மட்டும் என்று விதி வைப்பதற்குக் காரணம் இதுதான். அப்புறம், முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக ஏறி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். காசு செலவில்லை, அரை நிமிட வேலை. மீன் தப்பிவிடுமே என்பார்கள். நரம்பைத் தொய்யவிடாமல் இருந்தால் அவ்வளவாகத் தப்பாது. உங்கள் விரலில் குத்தினாலும் வலிக்காமல் வெளியே வரும் என்பது கூடுதல் லாபம்.

சித்திரை வெயிலில் பிடித்து விடலாமா?

வேண்டாம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் தாங்கும், 30 டிகிரி நீர் ஏழரைதான் தாங்கும். டிரவுட்டுக்கு 20 டிகிரி தாண்டினாலே திணறல். சின்ன வெப்பமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த அளவு காட்டினால் ராடை மடித்துவிட்டு மலையைப் பாருங்கள். கீழே பவானியிலும் கோடையில் தண்ணீர் குறைந்து மடுவில் ஒடுங்கிய மீனைப் பிடித்து விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எந்தத் தாளும் தடுக்காவிட்டாலும் நான் போவதில்லை. மழைக்காலம் மஹ்சீருக்கு முட்டைக்காலம், அப்போதும் அப்படியே.

எந்த மீன் பிடித்தாலும் திரும்ப விட வேண்டுமா?

இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள். அதை வளர்ப்பதே நாட்டில் தடை, கிடைத்ததை எல்லாம் தின்று நாட்டு மீனை ஒழிக்கும் இனம் அது.

டிரவுட்டே வந்தேறி மீன்தானே, அதை ஏன் விட வேண்டும் என்று விவரமானவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடைப் பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் சிறு நாட்டு மீன்களையும் அது தின்னத்தான் செய்கிறது. என் நிலைப்பாடு இது: சீட்டில் விடச் சொன்னால் விடுங்கள், எடுக்க அனுமதித்தால் அன்று சமைக்கும் அளவுக்கு எடுங்கள். எந்த நிலையிலும் உயிருள்ள டிரவுட்டை வாளியில் கொண்டுபோய் வேறு ஓடையில் விடாதீர்கள். அந்த ஓடையில் இருப்பதை நாம் ஒருமுறை இழந்தால் திரும்பி வராது.

கீழே நம் ஊர் நீர்நிலைகளுக்கு என்ன விதி?

ஊர்க் குளம் என்றால் பெரும்பாலும் மீன் ஏலம் போயிருக்கும், ஏலம் எடுத்தவரைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நம் பக்கத்தில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி போன்ற அணைகளில் மீன்வளர்ச்சிக் கழகமோ அதன் குத்தகைதாரரோ உரிமை வைத்திருப்பார்கள். அங்கே குஞ்சு விட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் பரிசல்காரர்களின் பிழைப்பு. விடுகிறேன் என்று சொல்லி அவர்கள் வலைக்குப் பக்கத்தில் தூண்டில் வீசாதீர்கள்.

தோட்டா போடுகிறார்கள், பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறார்கள். என்ன செய்வது?

தனியாகப் போய்த் தடுக்க வேண்டாம். 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. காவல் நிலையத்துக்கும் மீன்வளத்துறைக்கும், காடு என்றால் வனத்துறைக்கும் சொல்லுங்கள். இடம், நேரம், வண்டி எண் இருந்தால் நல்லது. ஒரு தோட்டா ஒரு மடுவின் குஞ்சு முட்டை எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஆயிரம் தூண்டில்காரர்கள் பொறுமையாக விட்டது அதில் போய்விடும்.

ஹிமாச்சல், அமெரிக்கா போகிறோம். அங்கேயும் இதே விதியா?

அடிப்படை ஒன்றுதான், விவரம் வேறு. ஹிமாச்சலில் டிரவுட் முட்டைக்காலத்துக்காக நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை மூடிவிடுவார்கள். நம் ஆட்கள் டிசம்பர் விடுமுறையில் ராடோடு போய் ஏமாந்து வருவது அதனால்தான். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஒரே ஆற்றில் பாலத்துக்கு மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி என்றும் இருக்கும். மகனிடம் லைசென்ஸ் இருப்பது உங்களுக்குச் செல்லாது.

பிடித்து விட்டதை எழுதி வைக்க வேண்டுமா?

சீட்டில் கேட்டிருந்தால் கட்டாயம். கேட்காவிட்டாலும் எழுதுங்கள் என்றே சொல்வேன். காவிரி முகாம் ஒன்றில் 1998 முதல் 2012 வரை பிடித்த மீன்களைக் குறித்து வைத்த பதிவுகளிலிருந்துதான், திமில் மஹ்சீர் குறைந்துகொண்டே போவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகுவதும் ஆய்வாளர்களுக்குத் தெரிய வந்தது. மஹ்சீர் நிறைய இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டுப்புத்தகம் வேறு சொன்னது.

தேதி, இடம், நீரின் வெப்பம், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், என்ன மீன், நீளம், விட்டபோது நன்றாகப் போனதா. இவ்வளவு போதும். ஒன்றும் கிடைக்காத நாளையும் நேரத்தோடு எழுதுங்கள். கிடைத்த நாளை மட்டும் எழுதினால் ஆற்றில் எப்போதும் மீன் இருக்கிற மாதிரியே தெரியும்.